பஃட்: குத்தகைக்கான ஜெர்மன் சொல்லைப் பிடிக்க ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆனதும் பலருக்கும் ஒரு துண்டு மண் வேண்டும் என்று தோன்றிவிடும். ஜன்னலோரத் தொட்டியில் வெந்தயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பார்த்து அலுத்த பிறகு, ஊர்த் தோட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்துவைப்பார்கள். முறை வரும்போது கையெழுத்துக்கு நீட்டப்படும் தாளின் தலைப்பில் ஒரு சொல் இருக்கும்: பஃட்ஃபெர்ட்ராக். வீடு எடுத்தபோது போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது மீட்ஃபெர்ட்ராக். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

இரண்டும் ஒன்றில்லை. மீட்டெ என்றால் வாடகை. பஃட் என்றால் குத்தகை. தமிழ் தெரிந்தவருக்கு இந்த ஒரு வரி போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆங்கிலத்தின் வழியாகப் போனால்தான் குழப்பம். என் கையிலிருந்த அகராதி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஆங்கிலச் சொல்லைத் தந்து என்னை வெகுநாள் அலையவிட்டது. வீட்டை வாடகைக்கு எடுக்கிறோம், வயலைக் குத்தகைக்கு எடுக்கிறோம் என்று பேசி வளர்ந்த நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. குத்தகை என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டே போகலாம்.

முதலில் வாயில் வரட்டும்

எழுத்துக்கூட்டினால் பே, ஆ, சே, ஹா, டே. ஐந்தே எழுத்து. நடுவில் சேயும் ஹாவும் சேர்ந்து தரும் ஒலிதான் வெளியூர்க்காரர்களைத் தடுக்கி விழவைப்பது. நமக்கு அது அந்நியமில்லை. 'அஃது' என்று அழுத்திச் சொல்லுங்கள். ஆய்தம் இருக்கும் இடத்தில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் காற்றுக்கு மிக அருகில் இருப்பதுதான் இந்த ஒலி. அகரத்தைக் குறுக்கி, பஃட். 'பக்ட்' என்று ககர மெய்யை உடைத்துச் சொன்னால் அது வேறு சொல்லாகக் கேட்கும். அந்தச் சொல்லும் பின்னால் வரும்.

இந்தக் கட்டுரையில் ஆய்தத்துக்குப் பின் டகரம் வந்தால் அந்தத் தொண்டை ஒலி, பகரம் வந்தால் உதடும் பல்லும் சேரும் ஒலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எகர, இகர ஒலிகளுக்குப் பின்னால் இதே சே-ஹா தொண்டையை விட்டு முன்னே வந்துவிடும்: நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்குத் தூக்கி மெல்ல ஊதுவது போல. அதை 'ஹ்' என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்து, எங்கே வாடகை, எங்கே குத்தகை

1900 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பை எல்லோரும் பே-கே-பே என்றே சொல்வார்கள். அதன் 535ஆம் பிரிவு வாடகை ஒப்பந்தம், 581ஆம் பிரிவு குத்தகை ஒப்பந்தம். வாடகைதாரருக்குக் கிடைப்பது பொருளைப் பயன்படுத்தும் உரிமை. குத்தகைதாரருக்கு அதோடு இன்னொன்றும் சேர்கிறது: 'ஃப்ரூஹ்டெ'யை அனுபவிக்கும் உரிமை. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் பழங்கள். சட்டத்தில் விளைச்சல், பலன், வருமானம் எல்லாம் அதில் அடங்கும். நம் பத்திரங்களில் 'பலனை அனுபவித்து வருதல்' என்று எழுதுகிறோமே, ஏறக்குறைய அதே பேச்சு.

ஆகவே சொல்லைத் தீர்மானிப்பது பொருள் நிலமா கட்டடமா என்பதல்ல, அதிலிருந்து பலன் எடுக்கிறோமா என்பது. வெறும் கூடத்தைக் கொடுத்து 'கடை வைத்துக்கொள்' என்றால் அது மீட்டெ. அடுப்பு, மேசை, நாற்காலி, பாத்திரத்தோடு நடத்தத் தயாராக இருக்கும் உணவகத்தைக் கொடுத்தால் பஃட். கிராமத்து உணவக வாசலில் 'பெஹ்ட்டர் கெஸூஃட்', அதாவது 'குத்தகைதாரர் தேவை' என்று பலகை தொங்குவதைப் பார்க்கலாம். காட்டில் வேட்டையாடும் உரிமையும் இப்படித்தான். அது யாக்ட்பஃட்.

ஆஸ்திரியாவில் இதை இன்னும் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். 1811இல் வெளிவந்த அந்நாட்டுச் சிவில் சட்டத் தொகுப்பின் 1091ஆம் பிரிவு, மேற்கொண்டு உழைக்காமலே பயன்படுத்தத்தக்க பொருளைக் கொடுத்தால் வாடகை, 'முயற்சியாலும் உழைப்பாலும்' மட்டுமே பயன்படுத்தத்தக்க பொருளைக் கொடுத்தால் குத்தகை என்கிறது. இதைவிடச் சுருக்கமாக இந்த வேறுபாட்டை நான் எங்கும் படித்ததில்லை. படுத்துத் தூங்க வீடு, வியர்வை சிந்த வயல்.

ஓர் எச்சரிக்கை. நம் ஊர் ஒத்தியையோ போக்கியத்தையோ இங்கே கொண்டுவராதீர்கள். அது கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிப்பது. பஃட்டில் கடன் என்ற பேச்சே இல்லை. விளைச்சலைப் பங்கு பிரிக்கும் வாரத்துக்கு ஜெர்மனில் டைல்பஃட் என்று தனிச்சொல் உண்டு. 'டைல்' என்றால் பங்கு.

வேர் எங்கே போகிறது

அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஒருமுறை படித்துவிட்டால் சொல்லின் பாலும் எழுத்தும் மறக்கவே மறக்காது. எனக்கு அப்படித்தான் நின்றது.

லத்தீனில் 'பகிஸ்கி' என்றால் பேசி முடித்துக்கொள்வது, உடன்படுவது. அதிலிருந்து 'பக்டும்', உடன்படிக்கை. அதன் பன்மை 'பக்டா'. லத்தீனில் அஃறிணைப் பன்மை அகரத்தில் முடியும். பெண்பால் ஒருமையும் அகரத்தில்தான் முடியும். பேச்சு லத்தீனில் மக்கள் இந்தப் பன்மையைப் பெண்பால் ஒருமையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பேரிக்காய்க்கும் இதே கதைதான்: லத்தீனில் 'பிரும்', பன்மை 'பிரா', ஜெர்மனில் பெண்பாலாக 'டீ பிர்னெ'. (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து பாலைக் காட்டும் சொல் இது: பெண்பாலுக்கு 'டீ', ஆண்பாலுக்கு 'டேர்', அஃறிணைக்கு 'டஸ்'.) அதனால்தான் இன்றைக்கும் அது 'டீ பஃட்', பெண்பால்.

நடுவில் இருந்த 'க்ட்' எப்படி 'ஃட்' ஆனது? லத்தீன் சொற்கள் ஜெர்மன் வாயில் நுழைந்த பழைய காலத்தில் ககர மெய் இப்படி உரசொலியாக இளகிவிடுவது வழக்கமாக இருந்தது. பழம் என்ற பொருளுள்ள லத்தீன் 'ஃப்ருக்டுஸ்' ஜெர்மனில் 'ஃப்ருஃட்'. சொல்லி எழுதவைப்பதைக் குறித்த 'டிக்டாரே' கவிதை எழுதுவதைக் குறிக்கும் 'டிஹ்டன்' ஆனது. மேலே சட்டப்பிரிவில் பார்த்த 'ஃப்ரூஹ்டெ' இந்த 'ஃப்ருஃட்'டின் பன்மைதான். குத்தகையும் பழமும் ஒரே பாதையில் வந்து ஒரே சட்ட வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தென் ஜெர்மானியப் பேச்சில் சொல் முதலில் வரும் பகரம் பழங்காலத்திலேயே 'ப்ஃப' என்று மாறிவிட்டது. மிளகைக் குறிக்கும் லத்தீன் 'பிப்பெர்' ஜெர்மனில் 'ப்ஃபெஃபர்'. (அந்த பிப்பெருக்கும் மூலம் வடமொழிப் பிப்பலி, நம் திப்பிலியின் உறவு.) எடையைக் குறித்த 'பொண்டுஸ்' வழியாக வந்தது 'ப்ஃபுண்ட்'. அந்தக் கணக்குப்படி குத்தகையும் 'ப்ஃபஃட்' என்று இருக்க வேண்டும். தெற்கில் அப்படித்தான் இருந்தது. பழைய தென்பகுதி எழுத்துகளில் 'ப்ஃபஃட்டா' சட்டம், முறை என்ற பொருளிலும் வருகிறது. ஆனால் பகரம் மாறாத வட, நடு ஜெர்மானிய வடிவமே கடைசியில் பொதுமொழியில் நிலைத்தது. டச்சு மொழியிலும் இன்றுவரை இதே சொல்தான்.

பல நூற்றாண்டுகள் கழித்து, படித்தவர்கள் அதே 'பக்டும்' சொல்லை லத்தீன் ஏட்டிலிருந்து மறுபடி நேராக எடுத்துவந்தார்கள். அது 'டேர் பக்ட்', ஆண்பால், நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை. உச்சரிப்பில் ஜாக்கிரதை என்று முதலில் சொன்னது இதற்குத்தான். ஒரே சொல்லே இரண்டு முறை வீட்டுக்குள் வந்திருக்கிறது: ஒருமுறை உழவர் காலோடு, ஒருமுறை ஏட்டோடு.

மீட்டெயின் கதை வேறு. அது லத்தீன் கடன் அல்ல, ஜெர்மானிய மண்ணின் சொல். பழைய பொருள் கூலி, வெகுமதி.

வேற்றுமை உருபு

எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் 'டீ பஃட்'. நான்காம் வேற்றுமைக்கும் உடைமைக்கும் 'டேர் பஃட்'. பன்மை 'டீ பஃட்டன்'. இந்தப் பன்மையும் 'குத்தகைக்கு எடுத்தல்' என்ற வினையும் ஒலியில் ஒன்றே. எழுத்தில் பெயர்ச்சொல்லின் முதல் எழுத்து பெரிதாக இருக்கும், வினைக்குச் சிறிதாக இருக்கும்.

பஃட் என்பது உறவையும் குறிக்கும், கொடுக்கும் பணத்தையும் குறிக்கும். 'இந்த வருடக் குத்தகை கொடுத்தாச்சா?' என்று நாமும் அப்படித்தானே கேட்கிறோம். பணத்துக்கு மட்டும் 'பஃட்ஸின்ஸ்' என்ற பழைய சொல்லும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு வாடகைச் சட்டச் சீர்திருத்தத்தில் பே-கே-பே அதை விட்டு 'பஃட்' என்றே எழுதத் தொடங்கியது. ஒப்பந்தப் படிவங்களிலும் பேச்சிலும் பழைய சொல் இன்னும் புழங்குகிறது. கண்டால் திகைக்க வேண்டாம்.

குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன் என்பதற்கு 'இன் பஃட் ஹாபன்', எடுப்பதற்கு 'இன் பஃட் நேமன்', கொடுப்பதற்கு 'இன் பஃட் கேபன்'. மூன்றிலும் 'டீ', 'டேர்' எதுவும் முன்னால் வராது.

எடுப்பதும் விடுவதும்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

தமிழில் ஒரே குத்தகையை எடுக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம். துணைவினை திசையைக் காட்டிவிடும். ஜெர்மனில் அந்த வேலையைச் செய்வது முன்னொட்டு. 'பஃட்டன்' என்றால் குத்தகைக்கு எடுப்பது. முன்னால் 'ஃபெர்' சேர்ந்து 'ஃபெர்பஃட்டன்' ஆனால் குத்தகைக்கு விடுவது. 'மீட்டன்' வாடகைக்கு எடுப்பது, 'ஃபெர்மீட்டன்' வாடகைக்கு விடுவது. 'கௌஃபன்' வாங்குவது, 'ஃபெர்கௌஃபன்' விற்பது. மூன்று ஜோடியையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். 'ஃபெர்' வந்தால் பொருள் உங்கள் கையை விட்டுப் போகிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தோட்டம் கேட்டு நான் எழுதிய முதல் கடிதத்தில் 'ஃபெர்பஃட்டன்' என்று எழுதிவிட்டேன். நீளமான சொல் மரியாதையாக இருக்கும் என்று எண்ணிய காலம். மூன்று வாரம் கழித்துச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, என் தோட்டம் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை சதுர மீட்டர் என்று அக்கறையாக விசாரித்தார். நான் நிலம் கேட்டேன். அவர் நான் நிலம் தருவதாகப் படித்திருக்கிறார். பொறுமையாகத் திருத்தியும் கொடுத்தார்: 'நீங்கள் பஃட்டன், சங்கம் ஃபெர்பஃட்டன்.' நான் படித்த எந்த இலக்கணப் பாடமும் இந்த வாக்கியம் போல மனத்தில் ஊன்றியதில்லை.

வினைத்திரிபு எளிது. அடிச்சொல் டகர மெய்யில் முடிவதால் நடுவில் ஓர் எகரம் நுழையும்: இஹ் பஃட்டெ, டூ பஃட்டெஸ்ட், எர் பஃட்டெட். இறந்தகாலம் 'பஃட்டெட்டெ'. முற்று வடிவத்துக்கு 'ஹட் கெபஃட்டெட்'. 'ஃபெர்' உள்ள வினைக்கு மட்டும் 'கெ' வராது: 'ஹட் ஃபெர்பஃட்டெட்'. இரண்டையும் கலந்து 'கெஃபெர்பஃட்டெட்' என்று எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

யாரிடமிருந்து, யாருக்கு என்பதற்கு நம் உருபுகளே வழிகாட்டும். விவசாயியிடமிருந்து வயலைக் குத்தகைக்கு எடுத்தேன்: 'இஹ் ஹாபெ டென் அக்கர் ஃபொம் பௌவர்ன் கெபஃட்டெட்.' 'இடமிருந்து'வுக்கு 'ஃபொன்', ஐ உருபுக்கு 'டென்'. விடும்போது இரண்டு வழி உண்டு. 'டேம் நாஃபார்ன் டென் அக்கர் ஃபெர்பஃட்டன்' என்றால், பக்கத்து வீட்டுக்காரருக்கு வயலைக் குத்தகைக்கு விடுதல். ('நாஃபார்ன்' என்பதில் மட்டும் ஆய்தம் தொண்டை ஒலி, பகரம் தனி ஒலி.) இங்கே 'டேம்' அச்சாக நம் 'கு' உருபு. அல்லது 'அன்' போட்டு 'டென் அக்கர் அன் டென் நாஃபார்ன்'. பத்திரங்களிலும் பேச்சிலும் இரண்டாவதே அதிகம் கண்ணில் படுகிறது. எழுதப் பழகும்போது அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள்

குத்தகைதாரர் 'டேர் பெஹ்ட்டர்', பெண்ணானால் 'டீ பெஹ்ட்டரின்'. நிலத்தை விடுபவர் 'ஃபெர்பெஹ்ட்டர்'. அகரத்தின் தலையில் இரண்டு புள்ளி ஏறுவதால் உச்சரிப்பு எகரமாகிறது, சே-ஹாவும் முன்னுக்கு வந்துவிடுகிறது. தோட்டச் சங்கங்களில் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். பல இடங்களில் நகராட்சியிடம் மொத்த நிலத்தையும் எடுப்பது சங்கமோ சங்கங்களின் கூட்டமைப்போ. அது 'ஸ்விஷன்பெஹ்ட்டர்', இடைக் குத்தகைதாரர். அதனிடமிருந்து ஒரு துண்டை எடுக்கும் நீங்கள் 'உண்டர்பெஹ்ட்டர்', உள்குத்தகைதாரர்.

கூட்டுச்சொல்லை வாலிலிருந்து படியுங்கள்

தமிழில் 'நிலக் குத்தகை' வேறு, 'குத்தகை நிலம்' வேறு. ஜெர்மனிலும் அதே வரிசைதான்: 'லண்ட்பஃட்' நிலக் குத்தகை, 'பஃட்லண்ட்' குத்தகை நிலம். கடைசிச் சொல்தான் தலை. பாலையும் அதுவே முடிவு செய்யும். ஆகவே 'டீ லண்ட்பஃட்', 'டஸ் பஃட்லண்ட்', 'டேர் பஃட்ஃபெர்ட்ராக்'. வேலை ஒப்பந்தத்துக்கு 'ஆர்பைட்ஸ்ஃபெர்ட்ராக்' என்று நடுவில் ஒரு ஸகர மெய் சேரும். பஃட்டுக்குப் பின் அது சேராது.

'எர்ப்பஃட்' என்ற சொல்லைக் கண்டால் மட்டும் நிதானியுங்கள். பரம்பரைக் குத்தகை என்பது நேர்ப்பொருள். இன்றைக்கு வீடு விற்பவர்கள் இதைச் சொன்னால், பெரும்பாலும் பிறர் நிலத்தில் நீண்டகாலத்துக்கு வீடு கட்டி வைத்துக்கொள்ளும் உரிமையைத்தான் சொல்கிறார்கள். அதன் சட்டப்பெயர் 'எர்ப்பௌரெஹ்ட்'. அது 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, வேறு கணக்கு.

தாளைக் கையில் எடுத்ததும்

முதலில் எந்த வகைக் குத்தகை என்று பாருங்கள். சங்கத் தோட்டத் துண்டு என்றால் 1983ஆம் ஆண்டின் சிறுதோட்டச் சட்டம் பொருந்தும். தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது பொது விதி. குடில், கூரை போட்ட திண்ணையோடு சேர்த்து 24 சதுர மீட்டருக்குள். குத்தகைப் பணத்துக்கும் மேல்வரம்பு உண்டு: அந்தப் பகுதியில் தொழில்முறையாகப் பழமும் காய்கறியும் பயிரிடுவோர் கொடுக்கும் குத்தகையின் நான்கு மடங்கு. நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது காய்கறி, பழம் என்று விளைய வேண்டும் என்பது 2004இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வெறும் புல்தரை போட்டு நாற்காலி விரித்தால் கேள்வி வரும். 'பலன்' என்ற சொல்லை அவர்கள் எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

முன்பு இருந்தவருக்குக் கொடுக்கும் பணத்தின் பெயர் 'அப்லோஸெ'. குடிலுக்கும் செடி மரங்களுக்கும் சங்கம் மதிப்பிட்டுச் சொல்லும் தொகை அது. அது பஃட் அல்ல. அதைக் கொடுத்ததால் மண் உங்களுடையதாகிவிடாது. பெரிய தொகையாகக் கொடுத்துவிட்டு நிலமே வாங்கிவிட்டோம் என்று எண்ணிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

விவசாய வயல் என்றால் அது லண்ட்பஃட். பே-கே-பேயில் 585ஆம் பிரிவு தொடங்கித் தனி விதிகள். ஜெர்மனியின் விவசாய நிலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு குத்தகை நிலம் என்று 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. அந்த ஆண்டு ஒரு ஹெக்டேருக்குச் சராசரிக் குத்தகை 329 யூரோ. இதில் 'பஃட்யார்', அதாவது குத்தகை ஆண்டு எப்போது தொடங்குகிறது என்று கட்டாயம் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லையென்றால் நாட்காட்டி ஆண்டே குத்தகை ஆண்டு. காலவரையறை இல்லாத வயல் குத்தகையை முடிக்க, ஒரு குத்தகை ஆண்டின் மூன்றாம் வேலைநாளுக்குள் அறிவித்தால் அடுத்த குத்தகை ஆண்டின் கடைசியில்தான் முடியும். ஏறத்தாழ இரண்டு வருடம். ஒரு நாள் தவறினால் இன்னொரு வருடம் கூடும். பழங்காலத்தில் நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள், குத்தகையும் வரியும் செலுத்தும் நாள், வாத்தாகவும் கொடுத்தார்கள். அறுவடை முடிந்து கையில் பலன் இருக்கும் நாள் அது.

கேட்கும்போது புரியவேண்டிய வழக்கு ஒன்றும் இருக்கிறது. 'எர் டூட், அல்ஸ் ஹெட்டெ எர் டீ வைஸ்ஹைட் கெபஃட்டெட்.' ஞானத்தையே குத்தகைக்கு எடுத்தவர் மாதிரி நடந்துகொள்கிறார். தமிழில் நாம் சொல்வதே சொல்லுக்குச் சொல் அங்கேயும் இருப்பதை முதலில் கேட்டபோது எழுந்து போய் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இந்த வழக்கில் எப்போதும் 'பஃட்டன்'தான். ஞானத்தை யாரும் 'மீட்டன்' செய்வதில்லை.

தோட்டம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு இரண்டு வரி போதும். 'இஹ் மோஹ்டெ ஐனென் கார்ட்டன் பஃட்டன்.' ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்க விரும்புகிறேன். அடுத்து, 'வீ ஹோஹ் இஸ்ட் டீ பஃட் இம் யார்?' ஆண்டுக்குக் குத்தகை எவ்வளவு? ('ஹோஹ்' கடைசியில் வருவது தொண்டை ஒலிதான்.) அனுப்புவதற்கு முன் முதல் வரியில் 'ஃபெர்' ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.